பதக்கம் வேண்டாம், பூங்காவில் தேடுவோம்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வாரமாக நம் பழைய மாணவர் குழுவில் ஒரே பேச்சு. தகப்பனை இழந்த பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கிளியனூரில் மாரத்தான் நடத்த வேண்டும் என்கிறீர்கள். நல்ல எண்ணம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மாணவி மட்டும், "பந்தயம் வேண்டாம் சார். பாண்டி பாரதி பூங்காவில் குழுக் குழுவாக ஓடிப் பொருள் தேடுகிற விளையாட்டு வைக்கலாம்" என்று எழுதியிருந்தாள். அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்களே அதிகம். "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நான் அந்தப் பெண்ணின் கட்சி. காரணம் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 100 பேர், ஆளுக்கு 500 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வரவு 50,000. பனியன் 250, பதக்கம் 100 என்றால் அதிலேயே 35,000 போயிற்று. மேடை, மைக், பிளெக்ஸ், டிபனுக்கு ஒரு 10,000. மிச்சம் 5,000 ரூபாய். ஒரு பிள்ளையின் ஒரு செமஸ்டருக்குக் காணுமா? நாம் பனியன் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டதாக ஆகிவிடும்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸை நினைத்துப் பாருங்கள். புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நின்றார். அடுத்த ஆண்டு 22 வயதில் இறந்துபோனார். அவர் பெயரில் உலகெங்கும் நடக்கும் ஓட்டத்தில் போட்டி கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. முடிந்தவர் முடிந்ததைக் கொடுக்கலாம். நடக்கலாம், சைக்கிளிலும் வரலாம். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து ஆரோவில்லில் 2008 முதல் நடக்கும் மாரத்தானும் பரிசுக்காக அல்ல, ஓடுகிற மகிழ்ச்சிக்காகத்தான்.

இரண்டாவது காரணம் வகுப்பறையில் கற்றது. 40 பேர் படிக்கிற வகுப்பில் விளையாட்டு விழா நடந்தால் 3 பேர் மேடை ஏறுவார்கள். மற்ற 37 பேரும் கைதட்டுவதற்கென்றே பிறந்தவர்களா? கால் ஊனமான ஒரு மாணவன் என்னிடம் படித்தான். ஒவ்வொரு ஆண்டும் அவன் கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்து நிழலில் உட்கார வைத்துவிடுவார்கள். அவனுக்குத் தெரிந்த மரங்களின் பெயர் அந்தப் பள்ளியில் வேறு யாருக்கும் தெரியாது. தேடும் விளையாட்டு என்றால் அவன்தான் ஒரு குழுவின் தலைவன். ஐந்து பேரில் ஒருவர் ஓடுவார், ஒருவர் விடுகதை அவிழ்ப்பார், ஒருவருக்கு ஊர்க்கதை தெரியும். பாட்டியும் பேரனும் ஒரே குழுவில் இருக்கலாம்.

இது வெளிநாட்டுக் கூத்து என்பவர்கள், மணலைக் கரையாகக் குவித்துக் குச்சியை ஒளித்துவைத்து ஆடிய கிச்சு கிச்சுத் தாம்பாளத்தை மறந்துவிட்டீர்களா? சின்னப் பிள்ளை விளையாட்டு என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 1938இல் கோலாலம்பூரில், ஒருவர் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே முன்னால் ஓட, மற்றவர்கள் தடம் தேடிப் பின்னால் ஓடும் குழு ஒன்று தொடங்கியது. இன்று உலகம் முழுக்க அதற்குக் கிளைகள் உண்டு. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள்தான்.

மூன்றாவது, இடம். திண்டிவனம்–பாண்டி சாலையில் பஸ்ஸும் லாரியும் போகிற போக்கு உங்களுக்கே தெரியும். அதில் பிள்ளைகளை ஓடவிட எனக்கு மனம் வரவில்லை. பாரதி பூங்காவில் நிழல் உண்டு, வண்டி கிடையாது. நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஆயி மண்டபத்தின் பக்கத்தில் எத்தனை முறை கடலை கொறித்திருப்பீர்கள்! அந்த ஆயி யார்? விளக்கு எரிந்த வீட்டைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டாராம். தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவளோ தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்தது அந்த மண்டபம். தன் வீட்டையே இடித்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவளின் காலடியில், தர்மத்துக்காக ஓடுவதைவிடப் பொருத்தம் வேறு என்ன? "கும்பிடு வாங்கிய வீட்டுக்காரி எங்கே?" இதுவே முதல் விடுகதையாக இருக்கட்டும்.

பணம் வரும் வழியும் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் வேண்டாம். தேட வேண்டியவை 12. ஒவ்வொன்றைக் கண்டுபிடித்தாலும் 50 ரூபாய் தருகிறேன் என்று உறவுகளிடமும் நண்பர்களிடமும் முன்கூட்டியே வாக்கு வாங்குங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் 600. ஒரு குழுவுக்கு 10 பேர் சொன்னால் 6,000. 20 குழு வந்து, எல்லாரும் எல்லாவற்றையும் கண்டுபிடித்தால் 1,20,000. பாதிதான் தேறியது என்றாலும் 60,000. செலவு, காகிதமும் தண்ணீரும். பஸ் காசு அவரவர் கையில். வரவு செலவு அன்று மாலையே குழுவில் வந்துவிட வேண்டும்.

சில கட்டுப்பாடுகள் உண்டு. முறைப்படி முன் அனுமதி வாங்க வேண்டும். பூவோ இலையோ பறிக்கக் கூடாது, உதிர்ந்தது மட்டும்தான். காலையில் நடக்க வருகிற பெரியவர்களை இடிக்கக் கூடாது. உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் போட்டோ எடுக்கவே கூடாது. அவர்களும் ஒரு குழுவில் சேர்ந்து சிரித்து விளையாடிவிட்டுப் போகட்டும். யாருக்குப் பணம் போகிறது என்பது பொறுப்பாளர்கள் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்.

மாரத்தான் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆறு மாதம் பயிற்சி எடுத்து ஓடுகிறவர்களைக் கண்டால் மரியாதைதான். ஆனால் நம் குழுவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முழங்கால் வலி. எல்லோரும் வர வேண்டும் என்றால் எல்லோராலும் ஆடக்கூடிய ஆட்டம்தான் வேண்டும்.

உங்கள் கருத்தை எழுதுங்கள். சிரிப்பு முகம் மட்டும் போட்டால் மதிப்பெண் கிடையாது. மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், நல்ல காரணத்துக்கு முழு மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்