எண் பெரிதானால் கார்டு சிறந்ததாகிவிடுமா?

லேப்டாப்புக்கு வைஃபை கார்டு வாங்குகிறவர்கள் ப்ராசஸர் எது என்றெல்லாம் ஆராய வேண்டியதில்லை, மாடல் எண் பெரிதாக உள்ளதை வாங்கிச் செருகினால் போதும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இன்டெலின் ஏஎக்ஸ்210 கார்டைவிடப் புதிய ஏஎக்ஸ்211-ஐ ஏன் விட வேண்டும் என்றும் கேட்கிறார். இதை நம்பி, ஏஎம்டி லேப்டாப் வைத்திருக்கும் ஒரு மாணவர் பணத்தைக் கொட்டினால் அவ்வளவும் வீண்.

ஏஎக்ஸ்211 முழுக் கார்டே அல்ல. வைஃபை வேலையில் பெரும்பகுதியைச் செய்யும் பாகத்தை இன்டெல் தன் சிப்செட்டுக்குள்ளேயே வைத்துவிட்டது. ஸ்லாட்டில் உட்காருவது ரேடியோ பாகம் மட்டும். அந்த மறுபாதி ஏஎம்டி லேப்டாப்பில் கிடையாது, பழைய இன்டெல் லேப்டாப்பிலும் கிடையாது. ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்தும், திருகும் ஏறும், ஆனால் விண்டோஸில் கார்டு இருப்பதாகவே காட்டாது. ஏஎக்ஸ்210 பிசிஐஇ வழியே இயங்கும் முழுக் கார்டு. வேகத்திலாவது 211 முந்துகிறதா? இரண்டுமே வைஃபை 6இ, இரண்டுக்கும் உச்சம் நொடிக்கு 2.4 கிகாபிட். 211-ஐ அவர் ‘முன்னேற்றம்’ என்று எழுதியது அப்பட்டமான பிழை.

அடுத்து, எதிர்காலத்துக்கு என்று சொல்லி வைஃபை 7 கார்டான பிஇ200-ஐப் பரிந்துரைக்கிறார். அதன் 5.8 கிகாபிட் வேகத்துக்கு 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். அது 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டுமே உண்டு, ரவுட்டரும் வைஃபை 7 ஆக இருக்க வேண்டும். வீட்டில் 100 மெகாபிட் இணைப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த ரவுட்டரும் வைத்திருப்பவருக்கு இதனால் என்ன பயன்? போதாததற்கு, ஏஎம்டி லேப்டாப்கள் பலவற்றில் பிஇ200 வேலையே செய்வதில்லை. அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பயாஸ் தடையைப் பற்றியும் மௌனம்தான். பழைய திங்க்பேடுகளில் பயாஸின் அனுமதிப் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் 1802 என்ற பிழையைக் காட்டி, கார்டைக் கழற்றும்வரை லேப்டாப் பூட் ஆகாது. மினி பிசிஐஇ காலத்து ஆன்டெனா வயரின் முனை எம்.2 கார்டில் பொருந்தாது என்பதையும் சொல்லவில்லை.

ப்ராசஸரைக் கேட்பது நேர விரயம் என்கிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஏஎம்டி என்றால் ஏஎக்ஸ்210 அல்லது மீடியாடெக்கின் எம்டி7922. இன்டெல் என்றால், ஏற்கெனவே இருப்பது முழுக் கார்டா, ரேடியோ பாகம் மட்டுமா என்று கழற்றிப் பார்த்துவிட்டு வாங்கலாம். இதை எழுத இரண்டு வரி போதும். 211 பற்றிய பரிந்துரையை அவர் வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டும்.