துறைமுகம் அயலாருக்குப் பட்ட கடன்

ஒரு துறைமுகத்தின் ஐசுவரியத்தை மதிப்பிடுகிறவர்கள், அதன் வாயிலைக் கடந்து சென்ற சரக்கின் எடையையும், வந்து தங்கிய கப்பல்களின் தொகையையும், ஆண்டுக் கணக்கின் அடியில் மிஞ்சிய லாபத்தையும் கொண்டே மதிப்பிடுவது சம்பிரதாயம். அந்த ஏடுகளில் ஏறாத செலவு ஒன்று உண்டு. மதிலுக்கு வெளியே குடியிருக்கும் ஜனங்கள் கொடுத்து வரும் செலவு அது. சென்னைத் துறைமுகத்தின் விஷயத்தில் அந்த ஜனங்கள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும், அண்மைக் காலமாக எண்ணூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துறைமுகம் எதைக் கொடுக்கிறது, தானமாகக் கொடுக்கிறதா, கடனாக எண்ணித் தீர்க்கிறதா என்பது விசாரிக்கத் தக்க கேள்வி.

இயற்கையான குடா எதுவும் இல்லாத நேர்க்கரையில், கடலுக்குள் சுவர்களை நீட்டி மனிதன் வலிந்து உண்டாக்கிய துறைமுகம் இது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1881 நவம்பரில் வீசிய புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்து, இன்றைய துறைமுகத்துக்கு உருக் கொடுத்தார். பொறியியல் சரித்திரம் இதைச் சாதனை என்று கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். ஆனால் சோழமண்டலக் கரையோரமாக, தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களிலெல்லாம், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணல் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு திரும்பினாலும் நிகரமாக வடக்கே போய்ச் சேரும் அந்த மணலை, கடலுக்குள் நீண்ட சுவர் மறித்து நிறுத்திவிட்டது. மறிக்கப்பட்ட மணல் தெற்கே தங்கித் தங்கி மெரீனாவை அகலமாக்கியது. கோட்டைக்குச் சமீபமாக அலையடித்துக்கொண்டிருந்த கடல் தூரத்தே ஒதுங்கியது. நகரத்தாருக்கு மாலையில் உலாவ ஒரு மகத்தான மணல்வெளி கிடைத்தது. வடக்கே போயிருக்க வேண்டிய மணல் போகாததால், ராயபுரத்துக்கு அப்பால் கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போனபின் கருங்கற்களைக் கொட்டினார்கள். பிற்பாடு தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். கருங்கல் கொட்டிய கரையில் கட்டுமரத்தை ஏற்றி வைக்க இடம் ஏது, வலையை உலர்த்த இடம் ஏது? தென்சென்னைக்குக் கிடைத்த கொடையும் வடசென்னைக்கு நேர்ந்த நஷ்டமும் ஒரே மணலால் விளைந்தவை என்பதை மெரீனாவில் காற்று வாங்கப் போகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பக்கத்திலேயே எழுந்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் பெரிய உதவிதான் என்றாலும், விசைப்படகுக்கு வசதி பெற்றவனுக்கு அது பயன்பட்ட அளவுக்குக் கட்டுமரக்காரனுக்குப் பயன்படவில்லை.

இவ்வளவு நஷ்டத்தையும் அக்கம்பக்கத்தார் ஒரு காலம் வரை சகித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மூட்டையாகவும் பேழையாகவும் சரக்கு வந்த நாட்களில் அதைக் கப்பலிலிருந்து இறக்க ஆயிரக்கணக்கான தோள்கள் வேண்டியிருந்தன. அந்தத் தோள்கள் பெரும்பாலும் வடசென்னையைச் சேர்ந்தவை. 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டமும் அதன் வழியே தோன்றிய தொழிலாளர் வாரியமும், அன்றாடங்காய்ச்சியாக வாயிலில் காத்து நின்றவனுக்கு நிச்சயமான ஊதியத்தையும் ஓய்வுக்கால ஆதரவையும் ஓரளவு உறுதி செய்தன. கூலியாகவும் குடியிருப்பாகவும் மருத்துவமனையாகவும் துறைமுகத்தின் செல்வம் மதிலைத் தாண்டி வெளியே வந்தது. 1983-ல் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. 2001-ல் அது தனியார் நிர்வாகத்துக்குப் போயிற்று. அதே ஆண்டில் தொழிலாளர் வாரியமும் துறைமுகத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது. நூறு பேர் செய்த வேலையை ஒரு பாரந்தூக்கி செய்கிறது. யந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. கூலி என்ற வாய்க்கால் வற்றியபின் வேறு வாய்க்கால் வெட்டப்பட்டதா என்றுதான் கேட்கிறேன். கூலி போயிற்று, லாரி மிஞ்சியது. ஜீரோ கேட் வாயிலிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் வரிசை பிடித்து நிற்கும் பெட்டக லாரிகளின் புகையையும் இரைச்சலையும், அவற்றின் சக்கரங்களுக்கிடையே புகுந்து பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளின் அபாயத்தையும், அந்தப் பிரதேசம் சரக்கின் உபரிச் செலவாக ஏற்று வந்திருக்கிறது.

துறைமுகம் சாலைகளுக்குப் பணம் போடவில்லையா என்று கேட்கலாம். எண்ணூர்–மணலி சாலை விஸ்தரிப்பில் அது பங்குதாரர். மதுரவாயல் வரையிலான உயர்நிலைச் சாலைக்கும் அது ஒரு கட்சி. அந்த உயர்நிலைச் சாலைக்கு 2009-ல் ஒரு முறையும், கூவத்தில் தூண்கள் நடுவது பற்றிய தகராறால் வேலை நின்றுபோனபின், 5,850 கோடி ரூபாய்த் திட்டமாக 2022-ல் மறுமுறையும் அடிக்கல் நாட்டினார்கள். இவை நல்ல காரியங்களே. ஆயினும் சரக்கு விரைவாகப் போவதற்குச் செய்த செலவை ஜனங்களுக்குச் செய்த உபகாரமாக எழுதிக்கொள்வது கணக்கெழுதும் சாமர்த்தியமேயன்றி நியாயமாகாது.

நிலக்கரியின் கதை இதைவிடக் கசப்பானது. கரித்தூளும் இரும்புத் தாதுத் தூளும் வீடுகளுக்குள் படிவதைப் பொறுக்காத ராயபுரம் வட்டாரத்தின் நெடுநாள் முறையீடு உயர் நீதிமன்றத்தின் செவியை எட்டி, 2011-ல் அவ்விரண்டையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளுவது நின்றது. அது ஜனங்களுக்குக் கிடைத்த வெற்றி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தேசத்துக்கு நிலக்கரி தேவைப்படுவது நின்றுவிடவில்லையே! ஏற்கெனவே அனல்மின் நிலையத்துக்கென்று 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் அந்தச் சுமையையும் ஏற்றுக்கொண்டது. தூசு வடக்கே குடிபெயர்ந்தது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்து ஜீவித்தவர்கள், சாம்பலும் கரியும் மாறி மாறி வந்து சேரும் பூமிக்கு உரியவர்களானார்கள். 2017 ஜனவரியில் அங்கே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, சுற்றுச்சூழலுக்குச் சேதமில்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை கூறியதும், சில நாட்களுக்குள் இளைஞர்களும் மீனவர்களும் வாளிகளால் கரும்பிசினை அள்ளிக் கொட்டியதும் எல்லோரும் அறிந்தவை. 2020-ல் மத்திய அரசு வசமிருந்த எண்ணூர்ப் பங்குகளைச் சென்னைத் துறைமுகம் 2,383 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இரு கரைகளுக்கும் இன்று ஒரே எஜமானர்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1963-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையச் சட்டம், உள்ளூர் சமூகத்தின் கல்வி, சுகாதாரம், வீட்டு வசதி முதலியவற்றுக்குத் துறைமுகம் தன் நிதியைப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை அதற்கு அளவு வகுத்தது: நிகர லாபம் 100 கோடிக்குள் இருப்பின் நூற்றுக்கு 3 முதல் 5 வரை, 500 கோடி வரை 2 முதல் 3, அதற்கு மேலானால் அரை முதல் 2 வரை. அத்தொகையிலும் ஐந்தில் ஒரு பங்கு முன்னாள் படைவீரர் நலம், கடல்சார் பாரம்பரியம், இளைஞர் நிதி போன்றவற்றுக்குச் செல்ல வேண்டும். அவை மேன்மையான காரியங்களாகவே இருக்கட்டும். ஆனால் காசிமேட்டின் மூச்சுத் திணறலுக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம்? இதைவிட ஆதாரமான குறை வேறொன்று. லாபத்தை அளவுகோலாகக் கொண்டால், நஷ்டம் வந்த ஆண்டில் துறைமுகத்துக்குக் கடமை சுருங்குகிறது. கரையரிப்போ, புகையோ அந்த ஆண்டில் சுருங்குவதில்லை. லாபம் பெருகப் பெருக விகிதம் குறைவதும் விசித்திரமே.

லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் வேறு முறையைக் கண்டார்கள். அது கருணையினாலன்று, வழக்கினால். புதிய முனையமொன்றை எதிர்த்து 2001-ல் சான் பெத்ரோவாசிகள் நீதிமன்றம் ஏறினார்கள். பின்னர் 2008-ல் மற்றொரு முனைய விஸ்தரிப்பின்போது உண்டான உடன்பாட்டின்படி, பெருகும் சரக்கோடு பிணைத்து ஒரு சமூக நிவாரண நிதி ஏற்பட்டது. அந்நிதியிலிருந்து வில்மிங்டன் பள்ளி வகுப்பறைகளில் காற்று வடிகட்டிகள் வைக்கப்பட்டன. அங்கும் எல்லாம் சீராகிவிடவில்லை. எனினும் துறைமுகப் பணத்தைத் துறைமுகக் காரியத்துக்கே செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் சட்டத்தின் நடுவே, விளைவித்த தீங்கைத் தீர்ப்பதும் துறைமுகக் காரியமே என்ற தத்துவம் அங்கே நிலைபெற்றது.

சென்னைக்கு வேண்டியதும் அந்தத் தத்துவமே. இறங்கும் ஒவ்வொரு பெட்டகத்தின் மீதும், ஒவ்வொரு டன் கரியின் மீதும் ஒரு சிறு தொகையைக் கட்டணத்திலேயே சேர்த்து வசூலித்து, ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பிரதேசத்துக்கென்று தனிநிதியாக வைத்து, அதைச் செலவிடும் அதிகாரத்தில் அப்பிரதேசத்தாருக்குப் பங்கு கொடுப்பது அசாத்தியமான காரியமன்று. இன்றைய துறைமுக வாரியத்தில் ரயில்வேக்கும் பாதுகாப்புத் துறைக்கும் சுங்கத்துக்கும் ஊழியர்களுக்கும் ஆசனம் இருக்கிறது; கரையை இழந்தவனுக்கு இல்லை. மாநில அரசுக்கென்று ஓர் ஆசனம் இருக்கிறது. அதில் அமர்பவர் அடுத்த கூட்டத்திலேயே இந்தத் தனிநிதிக்கான தீர்மானத்தை முன்மொழிய வேண்டும். அவர் முன்மொழிகிறாரா என்பதை வடசென்னையின் சட்டமன்ற உறுப்பினர்கள் சபையில் கேட்க வேண்டும்.