பகிடிவதை: தொகையை விரிக்கும் முறை

ஒருவரை ஏசுதல், சீண்டுதல், தொல்லைப்படுத்தல் என்பவற்றைக் குறிக்க ஆங்கிலத்திலே 'றாக்' என்றொரு வினைச்சொல் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வழக்கிலிருந்த இச்சொல்லின் வேரை அகராதிகாரர் எவரும் அறுதியிட்டுக் கூறினாரில்லர். முதலில் ஏசுதலைக் குறித்த சொல், பின்னர் மாணவர் நாவிற் குறும்பும் கும்மாளமுமாயிற்று. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் 'றாக் வாரம்' என்பது, மாணவர் வேடிக்கை காட்டி அறப்பணிக்குப் பணம் திரட்டும் வாரமாகும். ஏச்சிலே தொடங்கிய சொல் ஈகையிலே போய் முடிந்தது.

அதே சொல் நம் நாட்டிலே சென்ற வழி வேறு. 1975 இல், பேராதனையில் பகிடிவதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருத்தி நடக்கும் ஆற்றலை இழந்தாள். 1997 இல், அங்கேயே பொறியியல் பயில வந்த முதலாண்டு மாணவன் ஒருவன் உயிர் துறந்தான். அடுத்த ஆண்டே 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதைக்கு ஈராண்டு வரையும், கொடுங்காயம் விளைவிப்பின் பத்தாண்டு வரையும் அது சிறை விதிக்கின்றது.

இத்தகைய செயலை 'றாகிங்' என்னும் சொல் எங்ஙனம் உணர்த்தும்? அதில் குறும்பின் வாடையே மிகுதி. தமிழகத்தாரும் அச்சொல்லையே பெரிதும் வழங்குகின்றனர். ஈழத்துத் தமிழோ 'பகிடிவதை' என ஒரு தொகைச் சொல்லைத் தந்திருக்கின்றது. இத்தொகையை விரிக்கும் முறையிலேதான் நம் மனநிலை வெளிப்படுகின்றது. 'பகிடியும் வதையும்' என உம்மைத்தொகையாக விரிப்போர், பாதி விளையாட்டுத்தானே என்று சமாதானம் சொல்வர். 'பகிடியால் ஆய வதை' என மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரிப்பதே பொருந்தும் என்பது என் துணிபு. பகிடி கருவி; வதையே செயல்.

"சும்மா பகிடிக்குத்தான்" என்று சொல்லும் மூத்த மாணவன், சொல்லின் பிற்பாதியை விழுங்கிவிடுகின்றான். 'நாமும் பட்டோம், அவர்களும் படட்டும்' என்போர் அவனுக்குத் துணை போகின்றனர். உயர்தர வகுப்பிலே தொகைநிலைத் தொடர் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: எடுத்துக்காட்டாக இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள், மாணவரையே விரிக்கச் செய்யுங்கள். நாளை பல்கலைக்கழகம் புகுவோரும், மறு ஆண்டில் மூத்தோராய் நிற்போரும் அவர்களே அல்லரோ?