டிராம் ஒதுங்காது... அப்போ யார் ஒதுங்கணும்?

மெல்பர்னில் படித்த நண்பர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். டிராமுக்கு முன்னால் ஒரு கார் நிற்க, ஓட்டுநர் மணி அடித்துக்கொண்டே இருந்த கதை ஒன்று கட்டாயம் இருக்கும்.

உலகின் ஆகப் பெரிய டிராம் கட்டமைப்பு அங்குதான் இருக்கிறது. சுமார் 250 கிலோமீட்டர் தடம். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கில் காரும் டிராமும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

பேருந்து என்றால் கொஞ்சம் ஒடித்து விலகிப் போய்விடும். டிராமுக்கு அது முடியாது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,435 மில்லிமீட்டர்தான். ஆனால் புதிய டிராமின் அகலம் 2.65 மீட்டர். அதாவது, இருபக்கமும் சுமார் 60 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு வரும். "நான் தண்டவாளத்து மேல நிறுத்தலையே" என்று காரோட்டி சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். ஒரு சாண் வெளியே நின்றாலே போதும், பின்னால் வரும் டிராம் எல்லாம் வரிசைகட்டி நிற்கும்.

நகர மையத்தில் இதற்காகவே 'ஹூக் டர்ன்' விதி இருக்கிறது. வலப்பக்கம் திரும்பும் கார், இடது ஓரத்தில் காத்திருந்து திரும்ப வேண்டும். புதிதாக ஓட்டுவோருக்குத் தலை சுற்றும். ஆனால் தடம் காலியாக இருக்கும். சிக்கல், சிட்னி ரோடு போன்ற குறுகலான கடைத்தெருக்களில்தான். ஓரத்தில் கார்கள் நின்றால், ஓடுவதற்கு மிஞ்சுவது டிராம் தடம் மட்டுமே.

தெரு அப்படியே இருக்கிறது, வண்டிதான் பெருத்துவிட்டது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வாகனம் ஃபோர்டு ரேஞ்சர். நீளம் 5.3 மீட்டருக்கும் மேல். பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே அகலம் 1.9 மீட்டர். சுமை ஏற்றும் வாகனம் என்ற கணக்கில் இத்தகைய வண்டிகளுக்குச் சொகுசுக் கார் வரியும் கிடையாது. பிறகு ஏன் வாங்கமாட்டார்கள்?

2023இல் அங்கு ஒரு யோசனை வந்தது: கார் நிறுத்தும் இடத்தின் நீளத்தை 5.4 மீட்டரிலிருந்து 5.6 மீட்டராக்கலாம் என்று. சரி, கட்டடத்துக்குள் அது முடியும். தெருவை எப்படி இழுப்பது?

பாரிஸ் நேர்மாறாகப் போனது. 2024 அக்டோபரிலிருந்து, 1.6 டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் கார்களில் வரும் வெளியூர்க்காரர்களுக்கு நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ கட்டணம். அதற்கான வாக்கெடுப்பில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர்தான் வாக்களித்தார்கள் என்பது வேறு கதை.

சிங்கப்பூரில் டிராம் 1927லேயே போய்விட்டது. நமக்கென்ன என்கிறீர்களா? உங்கள் புளோக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கட்டம் வழக்கமாக 4.8 மீட்டர் நீளம். ரேஞ்சர் நின்றால் அரை மீட்டர் வெளியே இருக்கும். நம் சாலை வரியோ இயந்திரக் கொள்ளளவைப் பார்க்கிறது, மின்வாகனம் என்றால் திறனைப் பார்க்கிறது. நீளம், அகலம் அந்தக் கணக்கில் இல்லை.