கட்டம் கட்டமாய் ஒரு கிட்டார்

கிட்டார் சொல்லித்தருகிற வாத்தியார்கள் மேல் எனக்கு ஒரு தீராத கடுப்பு. மேஜர் ஆர்ப்பெஜியோ என்றதும் ஐந்து கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டுவார்கள். கறுப்புப் புள்ளி இருக்கிற இடத்தில் விரலை வை, மெட்ரோனோமை 60ல் போடு, வாரம் பத்து ஏற்று. அவ்வளவுதான் பாடம். ஆறு மாசம் நானும் செய்தேன். விரல் பறந்தது. ஒருநாள் நண்பன் பாட நான் வாசிக்க, சி கார்டிலிருந்து எஃப்புக்கு மாறும் இடத்தில் கை பழகிய கட்டத்தைத் தேடி ஐந்து ஃபிரெட் தாவியது. அது போய்ச் சேர்வதற்குள் அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான்!

சி மேஜரில் இருப்பது மூன்றே சுரம்: சி, ஈ, ஜி. திறந்த கம்பியிலிருந்து 11ஆம் ஃபிரெட் வரை, ஒவ்வொரு கம்பியிலும் இவை தலா ஒரு முறைதான் வரும். ஆறு கம்பிக்கு மொத்தம் 18 இடம். இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை ஐயா!

"கட்டத்தை ரெண்டு ஃபிரெட் நகர்த்தினால் டி மேஜர் வந்துடுமே" என்பார்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் கம்பி மாறினால்? தடித்த மூன்று கம்பிகளில் சி-ஈ-ஜி 8, 7, 5ஆம் ஃபிரெட்டுகளில் இருக்கும். 4, 3, 2ஆம் கம்பிகளில் அதுவே 10, 9, 8. மெல்லிய மூன்றில் 5, 5, 3. மற்ற கம்பிகளுக்கு நடுவே ஐந்து ஃபிரெட் இடைவெளி, மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் மட்டும் நாலு. காரணம் இவ்வளவுதான். இது தெரியாதவனுக்கு ஒவ்வொன்றும் புதுசாக மனப்பாடம் செய்யவேண்டிய படம்.

சரி, அந்த 5, 5, 3லிருந்து எஃப் மேஜருக்கு எப்படிப் போவது? எஃப்பில் இருப்பது எஃப், ஏ, சி. சி அசையவே வேண்டாம். ஈ ஒரு ஃபிரெட் ஏறினால் எஃப், ஜி ரெண்டு ஏறினால் ஏ. 5, 6, 5. தீர்ந்தது. ஜி மேஜர் வேண்டுமா? 4, 3, 3. கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் என்னடாவென்றால் கிட்டார் கழுத்தில் மாரத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

இப்போது மெட்ரோனோமைத் தொடுவதில்லை. வாரம் ஒரு கார்டு, சுரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மேலும் கீழும். பக்கத்து அறைக்காரனுக்கு என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வாரம் ஏ ஃபிளாட், இன்னும் திணறிக்கொண்டிருக்கிறேன் :-)