கல்லைப் படித்த தமிழர்

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலையில் வண்டிக்கு இடம் இருக்காது. எல்லோரும் குற்றாலம் போகிறார்கள்.

எண்ணெய் தேய்த்துக்கொள்கிறோம். அருவியில் தலையைக் கொடுக்கிறோம். பசியோடு கடைக்கு ஓடுகிறோம். தண்ணீரைப் பார்க்கிறோம். அந்தத் தண்ணீர் விழும் பாறையை நாம் பார்ப்பதில்லை.

பேரருவிக் கரையில் ஒரு சிறுவன் தகப்பனாரைக் கேட்டான்: "அப்பா, இந்த மலையை யாரு கொண்டாந்து வச்சா?"

"பேசாம வாலே! தலையத் துவட்டு" என்றார் தகப்பனார்.

அது நல்ல கேள்வி. இப்படிப்பட்ட கேள்விகளுக்கே வாழ்நாளைக் கொடுத்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எம்.எஸ். கிருஷ்ணன்.

நூறு ஆண்டுக்குப் பின்

தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் 1898-ஆம் ஆண்டு பிறந்தவர் கிருஷ்ணன். சென்னை மாநிலக் கல்லூரியில் பூமியின் அமைப்பைப் பற்றிப் படித்தார். லண்டன் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். 1924-இல் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

அந்தத் துறை தொடங்கியது 1851-இல். அதன் தலைமை நாற்காலியில் வெள்ளைக்காரர்களே உட்கார்ந்து வந்தார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1951-இல், அந்த நாற்காலியில் முதல் இந்தியர் அமர்ந்தார். அவர்தான் கிருஷ்ணன்.

இந்தியா, பர்மா நாடுகளின் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1943-இல் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

1961-இல் ஐதராபாத்தில் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. பூகம்பத்தையும், பூமியின் காந்த சக்தியையும், ஈர்ப்பு சக்தியையும் அளந்து ஆராயும் நிலையம் அது. அதன் முதல் இயக்குநரும் இவரே. 1970-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டில் காலமானார்.

நகரும் நாடு

அவருடைய கடைசிக் காலத்தில் உலகத்தில் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது.

வேகவைத்த முட்டையைத் தட்டினால் ஓடு துண்டு துண்டாக விரியும் அல்லவா? பூமியின் மேல் ஓடும் அப்படித்தான் பல துண்டுகளாக இருக்கிறது. அந்தத் துண்டுகளுக்குத் 'தட்டுகள்' என்று பெயர். அவை மெல்ல நகர்கின்றன. 1967, 68-ஆம் ஆண்டுகளில் பல நாட்டு அறிஞர்கள் இந்தக் கொள்கைக்கு முழு உருவம் கொடுத்தார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் கிருஷ்ணன் அல்லர். ஆனால் நம் நாட்டில் அந்த அறிவு வேர்விட நிலத்தைப் பண்படுத்தி வைத்தவர் அவர்.

இந்தக் கொள்கைக்கு முக்கியமான சான்று ஒன்று நம் மேற்குப் பக்கத்துக் கடலில்தான் கிடைத்தது. 1962-இல் 'ஓவன்' என்ற ஆங்கிலக் கப்பல் அங்கே கடலடி மலைத்தொடர் ஒன்றை அளந்தது. அந்தக் கணக்கை வைத்து, கடலின் தரை பிளந்து விரிகிறது என்று வைன், மாத்யூஸ் என்ற இருவர் 1963-இல் எழுதினார்கள். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டு வரும் காற்று அந்தக் கடலைத் தாண்டித்தான் வருகிறது!

குற்றாலம் இருக்கும் நிலமும் இப்படி நகர்ந்து வந்ததே. இது ஒரு காலத்தில் மடகாஸ்கர் தீவோடு ஒட்டியிருந்தது. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தது. வடக்கே போய் ஆசியாவில் முட்டியது, இமயமலை எழுந்தது. இன்றும் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. விரல் நகம் வளர்வதைவிடக் கொஞ்சம்தான் வேகம்.

தெரியாததன் விலை

"இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கலாம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே தட்டுகள் சறுக்கின. அலை நம் கரைக்கு வரச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நேரம் இருந்தது, எச்சரிக்கத்தான் ஆள் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின.

அதே நாளில் தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி நின்றிருந்தாள். கடல் நுரைத்து உள்வாங்குவதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் பூகோள வகுப்பில் கேட்ட பாடம் நினைவுக்கு வந்தது. "ஓடுங்கள்!" என்று கத்தினாள். அந்தக் கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

ஒரு பாடம், ஒரு சிறுமி, எத்தனை உயிர்!

கிருஷ்ணன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய அதே ஐதராபாத்தில், 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எச்சரிக்கை வந்தால் போதுமா? அதைக் கேட்பவருக்கும் பொருள் விளங்க வேண்டும்.

தட்டுகளைப் பற்றிய பாடம் நம் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், மார்க்கு வாங்குகிறார்கள், மறக்கிறார்கள். குற்றாலத்துக்குச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்கள், குளிக்கும் முன் பத்து நிமிடம் பாறையைக் காட்டிப் பேசலாம். செலவு ஒரு காசு இல்லை.

பெற்றோர்களே! பிள்ளை கேள்வி கேட்டால் "பேசாம வாலே" என்று வாயை அடைக்காதீர்கள். பதில் தெரியவில்லையா? "வா, கேட்டுத் தெரிந்துகொள்வோம்" என்று சொல்லுங்கள்.

தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த ஒரு பிள்ளை நாட்டின் பாறைகளையே படித்துக் காட்டினார். தென்காசிப் பிள்ளையால் முடியாதா?