வெள்ளைக்கோட்டுக்கு இடப்புறம்

ஸ்ரீநகர் லால் சௌக் மணிக்கூண்டின் கீழே சைக்கிளைச் சாய்த்து வைத்தபோது மீட்டர் 3,812 கிலோமீட்டர் காட்டியது. கன்னியாகுமரியில் பிப்ரவரி முதல் தேதி விடியற்காலையில் மிதிக்கத் தொடங்கி அது 52-வது நாள். ஊருக்குத் திரும்பியதும் பொன்னாடை, பூங்கொத்து, பள்ளிக்கூடங்களில் பேச்சு என்று மூன்று வாரம் போனதே தெரியவில்லை. கூட்டுறவு வங்கியில் என் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள்கூடப் பணத்தை எண்ணாமல் கேட்கிறார்கள்: ‘தனியாவா போனீங்க? பயமா இல்லையா?’

பயமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதர்கள் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அனந்தபூருக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கள் அறையில் எனக்குப் பாய் விரித்தார்கள். சிவனிக்கு வடக்கே ஒரு தாபாக்காரர், தன் மனைவியை வீட்டிலிருந்து வரவழைத்து எனக்குத் துணையாகப் படுக்க வைத்தார். அம்பாலாவைத் தாண்டிவிட்டால் வழியெல்லாம் குருத்வாராக்கள். ‘அகேலி?’ என்று கேட்பார்கள். தனியாகத்தான் என்று தலையாட்டினால் தட்டில் இன்னொரு ரொட்டி விழும். நாற்பத்திரண்டு வயதில் இத்தனை பேருக்கு நான் பிள்ளையானேன். என் பயமெல்லாம் சாலையைப் பற்றித்தான்.

தேசிய நெடுஞ்சாலை 44, இந்த நாட்டின் மிக நீளமான சாலை. அதன் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு ஓடும். கோட்டுக்கு அப்பால், மண் தொடங்குவதற்கு முன்னால், தார் போட்ட ஒரு பட்டை உண்டு. பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அகலம். ஷோல்டர் என்பார்கள். இந்த 52 நாளும் நான் குடியிருந்தது அந்தப் பட்டையில்தான். நின்றுவிட்ட லாரி, அதற்குப் பின்னால் அடையாளத்துக்கு அடுக்கிவைத்து அப்படியே விட்டுப்போன கற்கள், எதிர்த்திசையில் வரும் பைக், ஆந்திராவில் காயப்போட்ட மிளகாய், எல்லாம் அங்கேதான் இருக்கும். ஊர் நெருங்கினால் வேகத்தைக் குறைக்கத் தடித்த வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்கள். காரில் போகிறவருக்கு அது ஒரு கடகடப்பு. பதினான்கு கிலோ சுமை கட்டிய சைக்கிளில் ஒவ்வொரு பட்டையும் மணிக்கட்டில் அடிக்கும். ஓரத்தில் ஒரு அடி விட்டிருந்தால் நுழைந்து போய்விடலாம். பல இடங்களில் விளிம்புவரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். மண்ணில் இறங்கினால் சறுக்கும். வெள்ளைக்கோட்டைத் தாண்டி உள்ளே போனால் பின்னாலேயே லாரி. பழைய பாலங்களில் அந்தப் பட்டையும் காணாமல் போய்விடும். அங்கெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிப்பேன்.

எதிர்த்திசையில் வருகிற பைக்காரர்களை முதல் வாரம் திட்டினேன். பிறகு திட்டவில்லை. வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். நடுவில் தடுப்பு. திரும்பும் இடம் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி. ஊரை இரண்டாக வெட்டிவிட்டு, அந்த ஊர்க்காரனைச் சட்டம் தெரியாதவன் என்கிறோம்.

மொத்தம் பதினோரு பஞ்சர். அதில் எட்டுக்குக் காரணம் ஒரே பொருள்தான். லாரி டயர் வெடித்தால் ரப்பர் கிழிந்து பறக்கும். அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பி தலைமுடி அளவுக்குத் துண்டு துண்டாகச் சிதறி, ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். மகாராஷ்டிரத்தில் ஹிங்கன்காட் அருகே ஒரே காலையில் மூன்று முறை டியூபை மாற்றினேன். மூன்று முறையும் காற்று போனது. தள்ளிக்கொண்டே ஊருக்குள் போய் ஒரு சைக்கிள் கடையில் நின்றேன். எழுபது வயதுப் பெரியவர். டயரைக் கழற்றினார், உள்ளே விரல் விடவில்லை. பருத்தி விளையும் ஊர் அது. கடை மூலையில் இருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து, டயரின் உட்புறத்தில் மெதுவாக வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பஞ்சு இழை சிக்கியது. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்குக் கண்ணில் படவே இல்லை. குறட்டால் இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு எள் நீளம் இருந்தது அந்தக் கம்பி. காசு வாங்கவில்லை. வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் நாளைக்கு நான்கைந்து பேர் இதே கம்பியோடு தன் கடைக்கு வருவதாகக் கையை விரித்துக் காட்டினார்.

அன்று முழுக்க அந்த நான்கைந்து பேரையே நினைத்துக்கொண்டு மிதித்தேன். எனக்கு இது ஒரு பயணம். பையில் மாற்று டியூப் இருக்கிறது, விடுப்பு இருக்கிறது. அவர்களுக்கு அரை நாள் கூலி போச்சு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 45 வீடுகளில் சைக்கிள் இருக்கிறது. வழிநெடுக அவர்களைப் பார்த்தேன். மொரேனாவில் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டுப் போகும் பால்காரர்கள். பல்வல் அருகே இருட்டு விலகும் முன்னால், விளக்கில்லாத சைக்கிளில், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு ஆட, கட்டட வேலைக்குப் போகும் கூட்டம். நாட்டின் சைக்கிள்கள் பெரும்பகுதி தயாராகும் நகரம் லூதியானா. அங்கே ஷிப்ட் முடிந்து வந்த தொழிலாளர்கள் மேம்பாலத்துக்கு அடியில் சைக்கிளைப் பிடித்தபடி, வண்டிகளுக்கு நடுவே ஒரு சந்து கிடைக்குமா என்று கால் மணி நேரம் நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். அந்த ஊரிலேயே சைக்கிளுக்கு வழியில்லை என்பது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

சைக்கிளை நெடுஞ்சாலையிலேயே விடக்கூடாது, அதுதான் பாதுகாப்பு என்கிறார்கள் சிலர். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கே தடை. பக்கத்தில் விடாமல் தொடரும் சர்வீஸ் ரோடு இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 44-ஆம் சாலையின் பெரும்பகுதி, ஊர்களுக்கிடையே இருந்த பழைய சாலையையே அகலப்படுத்திப் போட்டது. பக்கத்து ஊருக்கு வேறு வழியே கிடையாது. இருந்த ஒரே வழியை எடுத்துக்கொண்டு, அதில் வராதே என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முடியும் என்பதை நான் பென்ச் காட்டில் பார்த்தேன். நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையே இதே சாலை புலிக்காட்டை ஊடறுத்துப் போகிறது. காட்டுயிர் ஆர்வலர்கள் விடாமல் வழக்காடினார்கள். இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் எங்கெங்கே விலங்குகள் கடக்கின்றன என்று பார்த்துச் சொன்னார்கள். மகாராஷ்டிர எல்லைக்குள் மட்டும் ஒன்பது இடங்களில் சாலையை மேலே தூக்கிவிட்டார்கள். அவற்றில் நீளமானது 750 மீட்டர். மேலே லாரி ஓட, கீழே மானும் புலியும் போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. அதன்மேல் மிதித்துப் போனபோது மனம் நிறைந்துவிட்டது. என் பயணத்தில் நான் கண்ட மிக நல்ல கட்டுமானம் அது. யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். இதைத்தான் பள்ளிக்கூடம் இருக்கும் இடங்களிலும், வயலுக்குக் குறுக்கே சாலை போகும் இடங்களிலும் செய்யச் சொல்கிறேன். பழைய பாலத்தைப் புதுப்பிக்கும்போது ஓரப் பட்டையையும் அதன்மேல் கொண்டுபோக வேண்டும். ஓரத்தைக் கூட்ட ஆள் வேண்டும். லாரி ஓட்டுநர்களும் களைத்தவர்கள்தான், படுக்க இடமில்லாமல்தான் ஓரத்தில் நிறுத்துகிறார்கள். அவர்களுக்குத் தனியாக நிறுத்துமிடம் வேண்டும்.

ஜம்முவைத் தாண்டிய பிறகு செனானியில் ஒன்பது கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வாயிலில் காவலர் என்னைத் திருப்பிவிட்டார். பழைய பட்னிடாப் மலைச்சாலையில் ஏறினேன். வண்டிகள் எல்லாம் சுரங்கத்துக்குள் போய்விட்டதால் சாலை காலியாகக் கிடந்தது. தேவதாரு நிழலில் பனி ஒட்டியிருந்தது. குட் என்ற சிற்றூரில் நெய் சொட்டும் பட்டீசா வாங்கித் தின்றேன். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிய அந்த நாள்தான் பயணத்தில் மிகக் கடினம். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் மிதித்ததும் அன்றுதான்.

என் அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டது 1991-இல், புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில். அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் வர வேண்டும் என்று நின்றார். அம்மா கல் குவாரியில் கூலி வேலை பார்த்தார். இரவு சோறாக்கி முடித்துவிட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் நாலைந்து பெண்களோடு விழுந்து எழுந்து பழகினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. கம்பி வைத்த ஆண்கள் சைக்கிள்தான். அதுவும் நல்லதாயிற்று. கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துக்கொள்வார், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். கேலி பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்போது எட்டு வயது. அம்மாவின் மூச்சுக்காற்று என் உச்சந்தலையில் படும், அது மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

அறுபத்தைந்து வயதில் அம்மா இப்போதும் சைக்கிள் ஓட்டுகிறார். புறவழிச்சாலைப் பக்கம் மட்டும் போவதில்லை. எங்கள் தெருவுக்கு இருபது வருடம் பால் ஊற்றியவர் 2019-இல் அங்கே சைக்கிளோடு அடிபட்டு இறந்தார். மறுநாள் பேப்பரில் இரண்டு வரி வந்தது. வயதைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார்கள். 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய பித்தளைப் படிதான் கண்ணில் வருகிறது. வருடத்தில் ஒருமுறை சைக்கிளில் போகிற எனக்கு மேடை போட்டவர்கள், தினமும் போகிறவர்களுக்கு அந்த ஒன்றரை மீட்டரைச் சுத்தமாகக் கொடுத்தால் போதும். பொன்னாடைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

சென்ற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். புறவழிச்சாலை எங்கள் ஊர்ப் பாதையை வெட்டும் இடத்தில் சைக்கிளும் மாடும் போகிற அளவுக்கு ஒரு சுரங்கப்பாதை. பென்ச்சில் பார்த்த மாதிரியே பென்சிலால் படம் வரைந்து இணைத்திருக்கிறேன். நாற்பத்தொரு கையெழுத்து. முதல் கையெழுத்து பால்காரரின் மகன் போட்டது. கடைசி கையெழுத்து அம்மாவுடையது. அறிவொளி வகுப்பில் பழகிய மாதிரியே எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, அழுத்தி எழுதியிருக்கிறார்.